காகிதத்தில் விழுந்த பச்சைத் தூள்: ஒரு ஐப்பசியின் காளான் நோட்டு

போன வருஷம் கார்த்திகையில் என் பெரியப்பா வீட்டில் மூன்று பேர் ஒரே ராத்திரி வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மதுரைக்கு வெளியே ஒரு புது லேஅவுட்டில் அவர்கள் குடியிருக்கிறார்கள். பக்கத்துக் காலி மனையில் மழைக்கு முளைத்த குடைக்காளானைப் பறித்து வந்து குழம்பு வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்துவிட்டது. டிரிப்ஸ் ஏற்றி, மறுநாள் சாயங்காலம் மூவரும் வீடு திரும்பினார்கள்.

பிழைத்து வந்தது பெரிய நிம்மதி. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பெரியப்பா காளான் தெரியாதவர் இல்லை. சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊரில் பிறந்து, பத்து வயதிலிருந்து அப்பத்தா பின்னால் கூடை தூக்கிக்கொண்டு காளான் பொறுக்கியவர். அவருக்கு எப்படிப் பிசகியது?

இந்த ஐப்பசியில் ஊரில் ஆறு வாரம் தங்க முடிந்தது. அப்பத்தாவைக் கூட வைத்துக்கொண்டு, கண்ணில் படுகிற காளான் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் ஏற்றுவது என்று இறங்கினேன். அந்த நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

எடுத்துப் போன சாமான்

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பனையோலைக் கொட்டான், முனை கூர்மையான கத்தி, பழைய நியூஸ்பேப்பர், ஸ்கேல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், போன். பிளாஸ்டிக் பையை முதல் நாளே விட்டுவிட்டேன். அதற்குள் காளான் வியர்த்து, வீடு வந்து சேர்வதற்குள் கூழாகிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொட்டானில் வைத்தால் மத்தியானம் வரை அப்படியே இருக்கும்.

வீட்டில் செய்துவைத்த முக்கியமான சாமான் ஒரு அட்டை. ஏ4 அளவு வெள்ளைத்தாளில் சரிபாதியை மறைத்துக் கறுப்பு சார்ட் பேப்பரை ஒட்டினேன். இப்படி இருபது அட்டை. எதற்கு என்று கீழே வரும்.

நோட்டில் ஒவ்வொரு காளானுக்கும் ஒரு பக்கம். எங்கே முளைத்தது, பக்கத்தில் என்ன இருந்தது (புற்றா, சாணமா, வைக்கோலா, மரக்கட்டையா), தனியாகவா கூட்டமாகவா வட்டமாகவா, குடை எத்தனை சென்டிமீட்டர், குடைக்கு அடியில் இருக்கும் விசிறி மடிப்புகளின் நிறம், அந்த மடிப்பு தண்டில் ஒட்டுகிறதா விலகி நிற்கிறதா, தண்டில் வளையம் உண்டா, தண்டின் அடியில் பை மாதிரி உறை உண்டா, வெட்டிப் பத்து நிமிஷம் கழித்து நிறம் மாறியதா, வாசனை என்ன. கடைசி வரிக்கு 'தூள்' என்று பெயர்.

முதல் மழை

முதல் நல்ல மழை பெய்த மறுநாளே மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிக் குடைகள். காலையில் மணி போலத் தொங்கியவை மத்தியானத்துக்குள் ஓரத்திலிருந்து கறுத்து மையாக ஒழுகிவிட்டன. மைக்காளான் இனம். சாணத்தின் மேல் நேரடியாக முளைத்த இன்னும் இரண்டு வகையும் கிடைத்தது. "சாணிக்காளானத் தொடுறதே இல்லப்பா" என்றார் அப்பத்தா. நல்ல விதி. சாணத்தில் வருபவற்றில் புத்தியைப் பேதலிக்க வைப்பவை உண்டு. பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று நிரம்பின.

அரிசிக்காளான்

நான்காம் நாள் புளியந்தோப்பில். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பொரியை இறைத்துவிட்டது போல் இருந்தது. கிட்டே போனால் ஆயிரக்கணக்கில் குட்டிக் காளான்கள், குடை ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. நடுவில் ஊசிமுனை போல ஒரு மேடு. இதைத்தான் எங்கள் பக்கம் அரிசிக்காளான் என்கிறோம்.

இதுவும் கறையான் புற்றிலிருந்து முளைக்கும் புற்றுக்காளானுடைய கூட்டம்தான். டெர்மிட்டோமைசிஸ் என்று பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜர் ஹைம் 1942-இல் பெயர் வைத்த பேரினம். பெயரிலேயே கறையான் (டெர்மைட்) இருக்கிறது. மற்ற புற்றுக்காளான்கள் புற்றின் ஆழத்திலிருந்து வேர் விட்டு மேலே வரும். அரிசிக்காளான் மட்டும் அப்படி இல்லை. கறையான்கள் புற்றுக்குள் உணவுக்காக வளர்க்கும் தங்கள் பூஞ்சைத் தோட்டத்தைத் துகள்துகளாக வெளியே கொண்டுவந்து மண்ணின் மேல் பரப்புகின்றன. அந்தத் துகளிலிருந்து முளைக்கிறது. பொரி இறைத்த மாதிரி தெரிவது அதனால்தான். கைலென்ஸில் பார்த்தபோது ஒவ்வொரு தண்டின் அடியிலும் பழுப்பாகக் கடுகளவு மண்ணுருண்டை ஒட்டியிருந்தது.

ஒரு படி அரிசிக்காளானை மண் போக அலச எனக்கும் அப்பத்தாவுக்கும் ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குமேல் எழுத அதில் ஒன்றுமில்லை. குழம்பு பிரமாதம்.

பெரிய புற்றுக்காளான்

மூன்றாவது பெருமழைக்கு இடி பலமாக இடித்தது. "இனி வரும் பாரு" என்றார் அப்பத்தா. ஐந்தாம் நாள் விடியலில் என்னை எழுப்பி, நேராக மாந்தோப்பின் மேற்கு வரப்புக்குக் கூட்டிப் போனார். தேடவே இல்லை. அவருக்கு இருபத்துச் சொச்சம் புற்று மனப்பாடம். எந்தப் புற்றில் எந்த மழைக்கு வரும், எதில் முந்தும், எது மூன்று வருஷமாக வரவில்லை என்று நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே மண்ணை முட்டிக்கொண்டு முப்பதுக்கு மேல் நின்றன. சில இன்னும் விரியாமல் வேல் நுனி மாதிரி. சில விரிந்து ஒரு சாண் அகலம்.

அப்பத்தா பறிக்கும் விதம்: தண்டைத் தரைமட்டத்தில் இரண்டு விரலால் பிடித்து, லேசாகத் திருகி, மேலே இழுப்பது. வேர் மண்ணிலேயே நிற்கும். "வேரத் தோண்டுனா அடுத்த வருசம் வராதுடா" என்று சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறேன். சமைப்பதற்கு அது சரியான முறை. அடையாளம் பார்ப்பதற்குப் போதாது. தண்டின் அடிப்பகுதியில்தான் முக்கியமான சேதி ஒளிந்திருக்கிறது. அதை மண்ணில் விட்டுவிட்டு வந்தால் அரைக் காளானைத்தான் பார்க்கிறோம். ஒன்றே ஒன்றைத் தோண்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சி, வரப்பின் ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

கத்தியாலும் விரலாலும் அந்த வேரைப் பின்தொடர்ந்து போனேன். பென்சில் கனத்தில் ஆரம்பித்துப் போகப்போக மெலிந்து, வெள்ளையாக, இறுக்கமான செம்மண்ணுக்குள் வளைந்து வளைந்து இறங்கியது. முப்பத்தாறு சென்டிமீட்டர் வரை ஸ்கேல் வைத்து அளந்தேன். அதன் கீழே விரல் ஒரு பொந்துக்குள் நழுவியது. உள்ளே உள்ளங்கை அளவு ஒரு பழுப்புப் பஞ்சு. பார்ப்பதற்கு மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக, தொட்டால் ஈரமாக, விண்டால் உதிர்வதாக இருந்தது. மேலெல்லாம் ரவை தூவியதுபோல் வெள்ளை உருண்டைகள். அவற்றின் நடுவே கறையான்கள் பதறி ஓடின. அதுதான் தோட்டம். மென்ற இலையும் மரத்தூளும் கறையானின் வயிற்றில் போய்த் திரும்பி வந்து, அதன் மேல் பூஞ்சை வளர்கிறது. மரநாரைப் பூஞ்சை பதமாக்கித் தருகிறது, கறையான் அதைத் தின்கிறது. சுமார் 3 கோடி ஆண்டுகளாக இந்த இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. பொந்தை உடனே மண் வைத்து மூடினேன். கையில் செம்மண்ணும் ஒரு புளித்த வாசனையும் சாயங்காலம் வரை இருந்தன.

கடையில் விற்கும் பால்காளான் ஒரு காலத்தில் காட்டுக்காளான்தான். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் அதை ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. இன்று ஒரு ஓலைக்கொட்டகையில் யாரும் வளர்க்கலாம். புற்றுக்காளானை அப்படிக் கொட்டகைக்குக் கொண்டுவர முடியவில்லை. உயிருள்ள கறையான் புற்று இல்லாமல் அது பூப்பதில்லை. புற்றை இடித்தால் காளான் போச்சு. எங்கள் ஊரில் மனை போடுவதற்காக இந்த ஐந்து வருஷத்தில் சமன் செய்த நிலத்தில் மட்டும் அப்பத்தாவின் கணக்கில் ஏழு புற்று போய்விட்டது.

தூள் எடுப்பது

சரி, இப்போது அந்த அட்டை. காளானின் மடிப்புகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் விழவிட்டால் அதன் நிறம் கண்ணுக்குத் தெரியும். மடிப்பின் நிறமும் தூளின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடையாளத்துக்குத் தூள்தான் பெரிய சாட்சி.

விரிந்த குடையை எடுத்து, தண்டை மடிப்போடு ஒட்ட வெட்டிவிட்டு, மடிப்பு கீழே பார்க்கும்படி அட்டையில் வைக்க வேண்டும். பாதி வெள்ளையிலும் பாதி கறுப்பிலும் இருக்க வேண்டும். குடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, எட்டு முதல் பத்து மணி நேரம் தொடாமல் விட வேண்டும்.

எனக்கு முதல் மூன்று தடவை வரவில்லை. முதல் தடவை கிண்ணம் போடாமல் ஃபேனுக்குக் கீழே வைத்தேன்; தூள் பறந்து ஒரு கலங்கல்தான் மிஞ்சியது. இரண்டாம் தடவை கிண்ணம் போட்டேன், எறும்பு வந்துவிட்டது. அதன்பிறகு அட்டையை ஒரு தட்டில் வைத்து, தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வைத்தேன். மூன்றாவது தடவை விரியாத மொட்டை வைத்துவிட்டேன். தூளே விழவில்லை. இந்த மூன்றாவது தவறை மறக்காதீர்கள், பின்னால் திரும்ப வரும். வெள்ளைத்தாளை மட்டும் வைத்தாலும் ஏமாறுவோம். வெள்ளைத் தூள் அதில் தெரியாது, தூளே இல்லை என்று நினைத்துவிடுவோம். கறுப்புப் பாதி அதற்காக.

நான்காம் தடவை பெரிய புற்றுக்காளானை வைத்தேன். காலையில் கிண்ணத்தை எடுத்து, குடையை நேராக மேலே தூக்கினேன். நடுவிலிருந்து நாலாபக்கமும் கதிர் கதிராக, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கோடு. வெள்ளைப் பாதியில் வெளிறிய ரோஜா நிறம். கறுப்பில் இன்னும் தெளிவாக. அப்பத்தா அதன்மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எத்தனை வருசமா ஆக்கித் தின்னுருக்கேன். இப்படி ஒண்ண அது வச்சிருக்குன்னு காமிக்கவே இல்லையே" என்றார்.

ரோஜா நிறத் தூள் விழுந்தால் சாப்பிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்டோலோமா என்ற இனத்துக்கும் அதே நிறம்தான், அதில் விஷமானவை இருக்கின்றன. அதன் மடிப்பு தண்டில் ஒட்டியிருக்கும். புற்றுக்காளானின் மடிப்பு தண்டைத் தொடாமல் விலகி நிற்கும். இடம், வேர், நடுமேடு, மடிப்பு, தூள் எல்லாம் சேர்ந்து ஒரே பெயரைச் சொன்னால்தான் அது அந்தக் காளான். ஒன்று பிசகினாலும் நான் விட்டுவிடுகிறேன்.

பச்சை

மூன்றாம் வாரம். ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தின் புல்லில் ஒரு வட்டம். ஆறேழு அடி குறுக்களவில் பதினான்கு காளான்கள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வளைந்து நின்றன. பெரியதற்குக் குடை பதினெட்டு சென்டிமீட்டர். வெள்ளைக் குடை, உச்சியில் வெளிர்பழுப்பு வட்டம், அதிலிருந்து பழுப்புச் செதில்கள் ஓரம் வரை சிதறிக் கிடந்தன. தண்டு வழவழப்பாக, அடியில் சற்று உருண்டு, மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தடித்த வளையத்தோடு இருந்தது. மடிப்பு வெள்ளை, தண்டை விட்டு விலகியது. வாசனை இதமாக இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு, சாப்பிடத் தூண்டும் அழகு.

அப்பத்தா இரண்டு அடி தள்ளியே நின்றார். "புத்து எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்த மைதானத்தில் புற்று இல்லை. "அப்ப இது நம்மளுது இல்ல. கையக் கழுவு சாமி."

அந்த நிமிஷம்தான் பெரியப்பா விஷயம் எனக்குப் புரிந்தது. அப்பத்தாவுக்குத் தெரிந்தது காளானும் இடமும் சேர்ந்த ஒன்று. காளானைத் தனியாக அவர் பார்ப்பதே இல்லை. பெரியப்பா லேஅவுட்டுக்குப் போனபோது காளானின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், இடத்தை ஊரிலேயே விட்டுவிட்டார். வளையம் இருந்ததும் அவரைத் தடுக்கவில்லை. எப்படித் தடுக்கும்? நம் புற்றுக்காளானிலேயே வளையம் உள்ள வகை உண்டு. நடராஜன் என்ற ஆய்வாளர் 1979-இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹைமி அப்படித் தடித்த வளையத்தோடு இருக்கும். வளையம் இருந்தால் விஷம் என்பதும் பொய், இல்லாவிட்டால் நல்லது என்பதும் பொய்.

மைதானத்தில் எடுத்த இரண்டை ராத்திரி அட்டையில் வைத்தேன். ஒன்று நன்றாக விரிந்தது, ஒன்று பாதி விரிந்தது. பாதி விரிந்ததிலிருந்து காலையில் ஒன்றும் விழவில்லை. அதன் மடிப்பு இன்னும் பளிச்சென்ற வெள்ளை. விரிந்ததைத் தூக்கினேன். வெள்ளைப் பாதியில் பாசிப்பயறுத் தோலின் மங்கல் பச்சை. கறுப்புப் பாதியில் சாம்பல் பூத்த பச்சை. விரலால் தடவினால் விரலில் ஒட்டியது. பச்சைத் தூள் உதிர்க்கும் பெரிய காளான்கள் மிக அரிது. இது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். புல்வெளி, விளையாட்டு மைதானம், காலி மனை, பூங்கா எல்லாம் இதற்குப் பிடித்த இடம். தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுக்கும். பெரியப்பா வீட்டில் நடந்ததற்கும் இதற்கும் நேரக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

முற்றியபின் மடிப்பே பச்சை சாயும், அப்போது யாரும் ஏமாற மாட்டார்கள். இளசாக, வெள்ளை மடிப்போடு இருக்கும்போதுதான் ஆபத்து. இளசைத்தானே நாம் பறிக்கிறோம்! அதற்குத் தூளும் விழாது. அதனால் தூள் விழாத காளானைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் நோட்டில் எழுத வேண்டும்.

வெள்ளிக் கொலுசு

ஊரில் நாலு பேரிடம் கேட்டால் நாலு சோதனை சொல்வார்கள். மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷக்காளான் நிறம் மாறும். வெள்ளிக்காசு கறுக்கும். பூண்டு நீலமாகும். கூடப் போட்ட அரிசி சிவக்கும். இவ்வளவு பச்சைத்தூள் காளான் கையில் இருந்ததால் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட முடிவு செய்தேன். சமையல் பாத்திரத்தைத் தொடவில்லை. பழைய டால்டா டின்னில் தண்ணீர் ஊற்றி, மூன்று கல் வைத்துக் கொல்லையில் அடுப்பு மூட்டினேன். நறுக்கிய காளான், ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், ஆறு பல் பூண்டு, ஒரு பிடி அரிசி, அத்தையின் அறுந்த வெள்ளிக் கொலுசு. அரை மணி நேரம் கொதித்தது.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பூண்டு வெள்ளை. அரிசி சோறாகி மஞ்சள் ஏறியிருந்தது, அவ்வளவுதான். கொலுசு பளபளவென்று வெளியே வந்தது. மூன்று பேரைப் படுக்கவைக்கக்கூடிய காளான் நான்கு சோதனையிலும் பாஸ். பிறகு அந்தக் கொலுசைக் கழுவி, அவித்த முட்டையின் மஞ்சள்கருவுக்குள் ஒரு மணி நேரம் புதைத்து வைத்தேன். கறுத்துவிட்டது. வெள்ளி கறுப்பது கந்தகத்துக்கு. விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பூச்சி அரித்த காளான் நல்லது என்பதும் அப்படித்தான். பூச்சிக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. டின்னைக் குழி தோண்டிப் புதைத்தேன், கோழி கிளறாமல் மேலே கல் வைத்தேன்.

வைக்கோல் போர்

ஆறாம் வாரம் பழைய வைக்கோல் போரின் அடியில் முட்டை மாதிரி, சாம்பல் கறுப்பில். நெடுக வெட்டினால் உள்ளே குட்டிக் காளான் முழுசாக மடங்கி இருந்தது. விரிந்ததில் அடியில் பை போன்ற உறை உண்டு, வளையம் கிடையாது, தூள் ரோஜா. வைக்கோல்காளான், நல்ல காளான். ஆனால் இதற்கு ஒரு கொடிய சாயல்காரன் இருக்கிறான். அமானிட்டா இனத்திலும் முட்டையும் உறையும் உண்டு. அதன் தூள் வெள்ளை, பெரும்பாலும் தண்டில் வளையமும் இருக்கும். தென்கிழக்கு ஆசியாவில் வைக்கோல்காளான் தின்று வளர்ந்தவர்கள் அமெரிக்காவில் குடியேறி, அதே ஞாபகத்தில் அங்குள்ள அமானிட்டாவைப் பறித்துச் சாப்பிட்டு இறந்திருக்கிறார்கள். பெரியப்பா கதைதான், முடிவு மட்டும் வேறு.

அந்தக் கொடிய அமானிட்டா விஷத்தின் நடத்தையைத் தெரிந்துகொள்வது நல்லது. சாப்பிட்டு ஆறு மணி நேரம், சில சமயம் அரை நாளுக்கு மேல், ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அது நின்று தேறிவிட்டது போலத் தோன்றும். அந்த இடைவெளியில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் காய வைத்தாலும் அது போகாது. அதனால் காளான் சாப்பிட்டபின் எப்போது வாந்தி வந்தாலும், நின்றுவிட்டாலும்கூட, 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மிச்சக் காளானையும் எடுத்துப் போக வேண்டும். இதற்காகவே இப்போது நாங்கள் சமைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் காளானைப் பேப்பரில் சுற்றி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைக்கிறோம்.

கணக்குப் பார்த்தால் நோட்டில் பதினோரு பக்கம். சாப்பிட்டது மூன்று வகை: அரிசிக்காளான், புற்றுக்காளான், வைக்கோல்காளான். மேய்ச்சல் புல்லில் கிடைத்த ஒன்று பட்டன் காளானின் உறவு. மடிப்பு இளஞ்சிவப்பு, தூள் சாக்லேட் பழுப்பு. ஆனால் தண்டின் அடியைக் கீறியதும் பளீர் மஞ்சளாகி மை வாசனை அடித்தது, தூக்கிப் போட்டேன். நான்குக்குப் பெயர் தெரியவில்லை. அந்தப் பக்கங்களில் அட்டை மட்டும் ஒட்டியிருக்கிறது.

பழந்தமிழில் காளானுக்கு ஆம்பி, காளாம்பி என்று பெயர், கறையானுக்குச் சிதல். இரண்டு சொல்லையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆம்பி என்பதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

போன வாரம் பெரியப்பா போன் செய்தார். லேஅவுட்டில் மறுபடியும் முளைத்திருக்கிறதாம், அதே மனையில். பறித்து வெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே சட்டி போட்டு மூடச் சொன்னேன். விரிந்ததாகப் பார்த்து எடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். காலையில் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. கையில் கிடைத்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வைத்திருக்கிறார். சக்கரத்தின் ஆரம் போல, ஓரம் வரை, பச்சை.

கூடவே ஒரு கேள்வி: "தெருவுல எல்லாருக்கும் காட்டணும். இந்தத் தூள் அழியாம இருக்க என்ன செய்யறது?"

மேலே ஒரு கண்ணாடித்தாள் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.